பாரப்பூச்சி கட்டுகிற வேலை

தூண்டில் முள்ளை மேசை விளிம்பில் இருக்கிற குட்டி வைஸில், அந்த இரும்பு இடுக்கியில் பூட்டி, செம்புக் கம்பியை அதன் கழுத்தடியில் நெருக்கமாகச் சுற்றி, முயல் மயிரை நூலில் உருட்டி அதன்மேல் போர்த்து, முடிச்சுப் போட்டு வெட்டி வைக்கிறேன். பிறகு பேனையை எடுத்து ஒரு பந்தி எழுதுகிறேன். பிறகு மறுபடியும் தூண்டில். காலையில் இருந்து இப்படித்தான் போகிறது. வீட்டில் இருந்து வேலை செய்கிற பெண்களுக்கு இது விளங்கும். எங்களுக்கு எழுதுவதற்கென்று தனி நேரம் கிடையாது, அழுவதற்கும் கிடையாது.

நான் செய்வது ட்ரவுட் மீனுக்குப் பூச்சி கட்டுகிற வேலை. இங்கே ட்ரவுட் பிடிக்கிற ஆட்கள் புழுக் குத்துவது குறைவு. தூண்டிலில் மயிரும் இறகும் கட்டி, பூச்சி மாதிரிச் செய்து, மீனை ஏமாற்றுகிறார்கள். இழுத்துப் பாய்கிற ஆற்றில் சும்மா பூச்சி மேலாலே அள்ளுப்பட்டுப் போய்விடும். மீனோ அடியில், கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே பூச்சிக்குள் பாரம் வைத்துக் கட்டவேண்டும். போட்டவுடன் அது அடிக்குப் போகவேண்டும். சிறகு முளைக்காமல் இன்னும் தண்ணீருக்குள்ளேயே ஊர்ந்து திரிகிற பருவத்துப் பூச்சி இது. கடையில் நிம்ப் என்பார்கள். எங்கள் வீட்டில் பாரப்பூச்சி.

வீடு லண்டனில், மோர்டனில். பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை செய்கிற இவர், இவருடைய அம்மா, அதாவது என் மாமி, இவருடைய தங்கச்சி வசந்தி, அப்போது தவழுகிற பருவத்தில் இருந்த எங்கள் மகள் துளசி, பிறகு நான். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தால் சொல் வராது. அப்படிப்பட்ட என்னிடம், வசந்திக்குக் கலியாணம் பேசுகிறபடியால் அந்த வைஸை மேசையில் இருந்து கழற்று என்று சொன்னார்கள். நான் கழற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

கலியாணத்துக்குப் போற பூச்சி

எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் ஹை ரோட்டில் இருக்கிற தூண்டில் கடைக்குப் பூச்சி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தா. வீடு மாறிப் போகிறபோது வைஸையும் இறகுப் பையையும் வேலிக்கு மேலாலே என் கையில் தந்து, கட்டுகிற விதத்தையும் காட்டிவிட்டுப் போனா. எனக்கு இங்கிலிஷ் அரைகுறை, அவவுக்குத் தமிழ் முழுக்க இல்லை. ஆனாலும் கையால் சொல்லிக் கையால் விளங்கினோம்.

முதல் தடவை கட்டினதை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, பிள்ளையைப் புஷ்செயரில் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். எங்கள் வீட்டு வழக்கத்தில் ஒரு பொருளைக் கொடுக்கிறதென்றால் வடிவாய்க் கொடுக்கவேண்டும். ஆகவே மயிலிறகு மின்னுகிற இழையெல்லாம் சேர்த்து, வயிறு உருண்டையாய், இடுப்பில் பொன் கம்பி ஒட்டியாணம் மாதிரி, வால் மூன்றும் ஒரே அளவாய்க் கட்டியிருந்தேன். கடைக்காரர் கென் ஒன்றை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பழைய பல் பிரஷ்ஷை எடுத்து என் பூச்சியின் மயிரையெல்லாம் பரபரவென்று கிளறிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பயந்துபோய், மெல்ல மெல்ல, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்: "நீ கட்டினது கலியாணத்துக்குப் போற பூச்சி. ஆத்துக்கு அடியிலை இருக்கிற பூச்சி இப்பதான் நித்திரையாலை எழும்பினது."

வெள்ளிக்கிழமை மேசை

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. அது சமையலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். முயல் காதும் பறவை வாலும் செத்த சாமான், சமையலும் சாமிப் படமும் ஒன்றாய் இருக்கிற குசினியில் வெள்ளிக்கிழமை அவற்றை எடுக்கக்கூடாது என்று மாமி சொல்லிவிட்டா. முதலில் பயத்தில் அவ சொல்லைக் கேட்டு நடந்தேன். பிறகு விருப்பத்தில் கேட்டேன். கிழமை முழுக்கக் குனிந்திருந்த கழுத்துக்கு அந்த ஒரு நாள் கோயில் மாதிரி. மாமி மறந்தாலும் நான் மறக்கவில்லை.

ட்ரவுட் பிடிக்கிற பருவம் தொடங்குகிற நேரம் கடையில் நெருக்கடி. கென் போன் எடுத்து, வெள்ளி கட்டினால் சனிக்கிழமை காலையே வந்து எடுக்கலாம் என்றார். வசந்திதான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "அண்ணி ஏலாதாம்" என்று அவள் இங்கிலிஷில் சொன்னாள். அவர் கெஞ்சினார். நான் மறுபடியும் தலையை ஆட்டினேன். வேறு ஆளைப் பிடிக்கவேண்டி வரும் என்றார். பிடிக்கட்டும் என்று சொல்லச் சொன்னேன். பிறகு கென் சொன்னதை வசந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே தமிழாக்கினாள்: "சரி, வெள்ளிக்கிழமை ட்ரவுட்டுக்கும் விரதமெண்டு நான் ஆத்துக்கு அறிவிச்சுவிடுறன்."

அன்னத்துக்கு ஒரு சட்டம்

பூச்சிக்குள் பாரத்துக்கு வைக்கிறது ஈயக் கம்பி. மெத்தென்று வளையும், சட்டென்று தாழும். கட்டுகிறவர்களுக்கு அதைப்போலச் சுகம் இல்லை. ஆனால் துளசி தவழத் தொடங்கின நாள் மேசைக்குக் கீழே போய், நான் வெட்டிப் போட்ட ஈயத் துண்டு ஒன்றை வாய்க்குள் வைத்துவிட்டாள். விரலை விட்டு எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சுருளைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஈயம் இனி வேண்டாம், செம்பில் கட்டித் தாறன் என்றேன். செம்புக்குப் பாரம் காணாது, பாய்கிற தண்ணியில் பாதிவழியில் நிற்கும் என்றார் கென். இன்னும் கூடச் சுற்றுவேன் என்றேன். சுற்றினால் பூச்சி பூசணிக்காய் மாதிரி வரும் என்றார். அந்த நாட்களில் இங்கே ஆறு குளங்களில் அன்னங்கள் தூண்டில் நூலில் பாரத்துக்குக் கோர்க்கிற ஈயக் குண்டை விழுங்கிச் சாகின்றன என்று சின்னக் குண்டுகளைத் தடை செய்திருந்தார்கள். கடைச் சுவரிலேயே அன்னப் படத்தோடு அறிவித்தல் ஒட்டியிருந்தது. நான் அந்த அன்னத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு புஷ்செயரில் இருந்த பிள்ளையைத் தொட்டுக் காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷையெல்லாம் கூட்டிப் பெருக்கிக் கேட்டேன்: அன்னத்துக்கு ஒரு சட்டம் இருக்கு, என்ரை பிள்ளைக்கு இல்லையோ?

கடைசியில் செம்புக் கம்பியைத் தலைப்பக்கம் மட்டும் நெருக்கி, வாலை மெலிவாக விட்டு, கழுத்தில் ஒரு பித்தளை மணியையும் கோர்த்துக் கட்டிப் பார்த்தோம். வாளித் தண்ணீரில் போட்டால் தலை முன்னாலே நேரே அடிக்குப் போனது. ஈயத்தைப் போல வேகம் இல்லைதான். அந்தக் குறையை நானும் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. சுருளைத் திருப்பி வாங்கி மேசை லாச்சிக்குள் எறிந்துவிட்டு கென் சொன்னார்: "கடை தொடங்க முன்னம் வேலை செய்த இடத்திலை தொழிற்சங்கத் தலைவர்மாரோடை கூட நான் இவ்வளவு கஷ்டப்படேல்லை, அவையள் சத்தம் போட்டுப்போட்டு ஓய்ஞ்சிடுவினம்."

வெம்பிளிப் பெரியப்பா

இவருடைய பெரியப்பா வெம்பிளியில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கலியாணம், காணி, கோபம் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். வசந்திக்கு ஒரு இடம் பொருந்தி வருகிறது என்று சொல்ல வந்தவர், குசினிக்குள் தேத்தண்ணி கேட்டு எட்டிப்பார்த்தார். வைஸைக் கண்டார். தூண்டிலைக் கண்டார். தேத்தண்ணியை மறந்துவிட்டு, இதைக் கழட்டு பிள்ளை என்றார்.

பெரியப்பா வெள்ளி தவிர்ந்த எல்லா நாளும் மீன் சாப்பிடுகிறவர். மீன் தலைக்கென்றே அப்டன் பார்க்குக்கு ரெயில் ஏறிப் போகிறவர். மீனைத் தின்னலாம், மீன் பிடிக்கிற சாமானைத் தொட்டால்தான் குலம் போய்விடும். நாங்கள் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று எங்களை வள்ளத்தில் ஏற்றிக் கரைசேர்த்தவை மீன் பிடிக்கிற ஆட்கள்தான். பெரியப்பாவும் அதே வள்ளத்தில் என் முன்னால்தான் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். இதையெல்லாம் சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது. கழற்றமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். நான் ஆட்டினதை அவர் காணாத மாதிரி, இவரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ஆக்கள் வாற அண்டைக்கு அந்தச் சாமானைக் கழட்டி அலுமாரிக்குள்ளை வையுங்கோ, எங்களைக் கடற்கரைப் பக்கத்து ஆக்களெண்டு நினைச்சுப்போடுவினம்."

ஆற்றங்கரையில் நாப்பி

அதற்கு வந்த கோபத்தில்தான் நான் ஆற்றுக்குப் போனேன். இவ்வளவு காலம் கட்டியும் என் பூச்சி தண்ணீரில் போவதை நான் பார்த்ததில்லை. கென் தன் வாடிக்கைக்காரரோடு வேல்ஸ் பக்கம் போகிறபோது, விருப்பமென்றால் நீயும் வா என்று பலமுறை சொல்லியிருந்தார். நான் சிரித்து மழுப்புவேன். இந்தமுறை நானே போய் வாறன் என்றேன். இவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு கார் ஓட்டினார்.

ஆறு என்றால் அது கத்துகிற ஆறு. கல்லில் அடித்து நுரை தள்ளிக்கொண்டு போகிறது. சுரிதாரை ரப்பர் சப்பாத்துக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன். கென் எனக்கு அனுமதிச் சீட்டும் எடுத்து, தூண்டில் தடியும் தந்து, சொல்லித் தந்தது சின்ன விஷயம்தான்: நீரோட்டத்துக்கு மேற்பக்கம் கிட்டப் போடு, அடிக்குப் போக விடு, வாற நூலையே பார், நூல் நிண்டால் தூக்கு. போட்டேன். நூல் என் பக்கம் வந்தது. பூச்சி அடியில் கல்லைத் தட்டித் தட்டி வருவது என் விரலில் தெரிந்தது. நான் கட்டின முடிச்சு எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்து வருகிறது என்று நினைக்கவே உடம்பு கூசியது. பிறகு நூல் நின்றது. கல் என்று நினைத்துத் தூக்கினேன். கல் இழுத்துக்கொண்டு ஓடியது.

சிவப்புப் புள்ளி போட்ட, மண்ணிற ட்ரவுட். நான் அதைப் பிடித்துக்கொண்டு கத்தினது லண்டன்வரை கேட்டிருக்கும். கரையில் கென்னின் வாடிக்கைக்காரரான ஒரு வயதான வெள்ளைக்காரர் இவரிடம் போய், என்ன பிடித்தாய் என்று கேட்டார். துளசியைப் புல்லில் கிடத்தி நாப்பி மாற்றிக்கொண்டிருந்த இவர், நான் பிடிச்சிருக்கிறது இதைத்தான், மீன் பிடிக்கிறவ அங்கை நிக்கிறா, பூச்சி கட்டுறதும் அவதான் என்றார். கிழவர் என் கிட்ட வந்து, என் கையை ஒருதரம் பார்த்து, தொப்பியைத் தொட்டுவிட்டுச் சொன்னார்: "போன கிழமை உன்ரை பூச்சி ஒண்டு மரக்கொப்பிலை கொளுவிக்கொண்டுது, நூல் அறுந்தது, கொப்பு முறிஞ்சுது, உன்ரை முடிச்சு மட்டும் அவிழேல்லை."

மாமியின் சட்டி

மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனா. நான் உடுப்பு மாற்றிவிட்டு வந்து பார்த்தால் மீன் துண்டாகி, புளி கரைந்து, வெந்தயம் பொரிந்து, சட்டி கொதிக்கிறது. பக்கத்தில் வைஸ் பூட்டினபடியே இருக்கிறது, இறகு பறந்து குழம்புக்குள் விழாமல் அதற்கு மேல் ஒரு துவாய் போட்டிருக்கிறா. சாப்பிட்டு முடித்து, நடுமுள்ளையும் உறிஞ்சி வைத்துவிட்டு மாமி தீர்ப்புச் சொன்னா: "கடல் மீன்ரை ருசி இல்லை, ஆனா ஒரு மீனைப் பிடிச்சுக்கொண்டு ஐஞ்சு பேருக்குக் காணுமெண்டு வாறவளை நான் இப்பதான் பாக்கிறன்."

ஊரில் எவடம்?

ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன், கூடவே வெம்பிளிப் பெரியப்பா. காலையில் மாமி வைஸைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு போனா. வசந்தி சாறி உடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மட்டும் கேட்டேன்: மச்சாள், உனக்காகக் கழட்டவோ? அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே, "இருக்கட்டும் அண்ணி" என்றாள். அது பயத்தில் சொன்னதா, மனத்தோடு சொன்னதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாய் கை கழுவக் குசினிக்கு வந்தா. வைஸைச் சுற்றிப் பார்த்து, டப்பாவைத் திறந்து பார்த்து, என்ன பிள்ளை இது என்று கேட்டா. பெரியப்பா பின்னாலேயே ஓடிவந்து, அது தையல் சாமான், ஊசி பூட்டுறது என்றார். அந்தப் பொய்யோடு எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். இல்லை, இது மீன் பிடிக்கிற தூண்டில், நான் பூச்சி கட்டுறனான், இதுதான் என்ரை வேலை என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடைய குரல்தான்.

அந்த மனுசி கையைத் துடைத்துக்கொண்டே, ஊரிலை நீங்கள் எவடம் என்று கேட்டா. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். ஊர், பிறகு ஊரில் எந்தப் பக்கம், பிறகு எந்தக் கோயிலடி, கடைசியில் நீ ஆர், எந்தக் குலம். நான் ஊரைச் சொல்லவில்லை. சொன்னால் அவவுக்குத் திருப்தியாய் இருந்திருக்கும், அதனால்தான் சொல்லவில்லை. எங்களை வள்ளத்தில் ஏத்தினவை எங்களிட்டை எவடம் எண்டு கேக்கேல்லை அம்மா, நீங்கள் வரேக்கை உங்களிட்டை ஆரும் கேட்டவையோ என்றேன். பெரியப்பா நிலத்தைப் பார்த்தார். முன் அறையில் எல்லாம் கேட்டிருக்கவேண்டும். மாப்பிள்ளையின் தகப்பன் தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி, மிக மரியாதையாகச் சொன்னார்: "நாங்கள் பிறகு போன் எடுக்கிறம்."

வசந்தி சொன்னது

போன் வரவில்லை. பெரியப்பாதான் எடுத்து இவரை ஏசினார். இவர் ரிசீவரைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓம் ஓம் என்றார். மாமி கதைக்கவில்லை. பெரியப்பா ஏசினது எனக்கு உறைக்கவில்லை, மாமி கதைக்காததும் பரவாயில்லை. வசந்தியை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. என் பிடிவாதத்துக்கு அவள் ஏன் விலை கொடுக்கவேண்டும்? அவளுக்கும் அந்தப் பெடியனைப் பிடித்திருந்ததோ என்னவோ. தூண்டிலைப் பூட்டினேன், நூலைச் சுற்றினேன், சுற்றினது எல்லாம் கோணலாய் வந்தது.

அவள் வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பூச்சியின் முடிச்சு இறுக நான் பூசுவது அவளுடைய நிறமில்லாத நகப்பூச்சு. அந்தப் போத்தலை எடுத்து, என் கோணல் பூச்சிகளுக்கு ஒவ்வொன்றாய்த் தொட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்: "அழாதேங்கோ அண்ணி. அந்த வீட்டுக்கு நான் போயிருந்தா, என்னையும் ஒருநாள் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சிருப்பினம்."

அதோடு நிற்கவில்லை. பெரியப்பாவுக்கு அவளே போன் எடுத்து, இனி ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் என்ரை அண்ணி மீனுக்குப் பூச்சி கட்டுறவ எண்டு முதலே சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அதைக் கேட்டிட்டும் வாற ஆக்கள் வரட்டும் என்று சொல்லிவிட்டாள். கனகாலம் ஒருவரும் வரவில்லை. மாமி பெருமூச்சு விட்டா. வசந்தி வேலைக்குப் போய் வந்தாள். நான் கட்டினேன். இன்றைக்கு மோர்டனுக்கு ஒரு குடும்பம் வருகிறது. பெரியப்பாதான் கூட்டிக்கொண்டு வருகிறார், சொல்லிப்போட்டுத்தான் வருகிறாராம். அவர்கள் எப்படிப்பட்ட ஆட்களோ எனக்குத் தெரியாது. அதுதான் காலையில் இருந்து ஒரு பந்தி, ஒரு பூச்சி, ஒரு பந்தி, ஒரு பூச்சி.

மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் கண்டது என்னவென்றால், பாய்கிற ஆற்றில் நிற்கிற ட்ரவுட் கூட வாயைத் திறக்க முன்னம் பூச்சி நல்லதோ என்றுதான் பார்க்குமே தவிரக் கட்டினவள் எவடம் என்று கேட்காது, அதைக் கேட்கிற ஆட்களுக்கு மட்டும் நாங்கள் பலகாரமும் சுட்டு, தேத்தண்ணியும் ஊற்றி... இந்தா, மாமி கூப்பிடுகிறா, பிள்ளை, கார் வந்திட்டுது, கெதியா வா என்று, மேசையில் இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும், பேனையை வைக்கிறேன், நான் போய்க் கதவை...